வைரம் பாய்ந்த கட்டையைப் பிளந்து விறகாக்கி எரிப்பது எப்படி?

வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றி இறுகிய, கட்டையை முதன்முறையாகக் கையில் எடுப்பவர் இரண்டு இடங்களில் மனம் தளர்கிறார். ஓங்கி இறக்கிய கோடாரி கல்லில் பட்டதுபோல் துள்ளித் திரும்பும்போது ஒருமுறை. அவ்வளவு பாடுபட்டுப் பிளந்த விறகு அடுப்பில் பற்றாமல் புகைந்து கண்ணைக் கரிக்கும்போது மறுமுறை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இலேசான மரத்துக்குப் பழகிய கையையும் கணக்கையும் அவர் கெட்டி மரத்திடம் கொண்டுவருகிறார். கெட்டி மரத்தில் பிளப்பது, உலர்த்துவது, எரிப்பது என்ற மூன்றையும் தனித்தனி வேலைகளாகக் கருதவே கூடாது. அடுப்பில் அது எப்படி எரிய வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முதல் அடியையே இறக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் மரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்த மரமானாலும் அதன் செல்சுவர் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனது. அந்தச் சுவரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். அப்படியிருந்தும் ஒரு மரம் நீரில் மிதப்பதற்கும் இன்னொன்று மூழ்குவதற்கும் காரணம், சுவர்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் அளவுதான். சவுக்கு, புளி, கருவேலம், ஓக் போன்ற மரங்களில் சுவர் தடித்தும் வெற்றிடம் குறுகியும் இருக்கும். ஆகவே கைக்கு எடுத்த எடுப்பிலேயே கனம் தெரியும்.

இதிலிருந்து எரிபொருள் கணக்கும் எளிதாக விளங்கும். முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ மரம், இலேசானதோ கெட்டியானதோ, ஏறத்தாழ 18 முதல் 20 மெகாஜூல் வெப்பம் தரும். எடைக்கு எடை பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அடுப்பின் வாய் எடையை அளப்பதில்லை, இடத்தைத்தான் அளக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் கெட்டி மரத்துண்டு ஏறக்குறைய இருமடங்கு எரிபொருளைத் தாங்கியிருக்கும். அது நெடுநேரம் எரிவதும் தணலாக நிலைத்து நிற்பதும் இதனால்தான்.

இந்த ஆதாயத்தை முழுவதுமாகப் பறித்துவிடக்கூடியது நீர். எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீராக இருந்தால், அந்த ஒரு கிலோ விறகிலிருந்து சுமார் 14 மெகாஜூல் கிடைக்கும். எடையில் பாதி நீராக இருந்தால் அது 8 அளவுக்கு இறங்கிவிடும். மரத்தின் அளவு குறைந்தது ஒரு காரணம். அதோடு, உள்ளிருக்கும் ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க அடுப்பு இரண்டு மெகாஜூலுக்கு மேல் செலவழிக்கிறது. இதைவிடப் பெரிய கேடு வேறொன்று உண்டு. நீர் ஆவியாகிக் கொண்டிருக்கும்வரை கட்டையின் அந்தப் பகுதி நூறு பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறாது. அதுவரை அது எரியப்போவதும் இல்லை. பச்சை விறகு வெறுமனே சீறி நுரைத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு நீளம், எப்போது பிளப்பது

மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழாய்கள் அடியிலிருந்து நுனிக்கு நெடுக ஓடுகின்றன. அதனால் அறுத்த முகத்தின் வழியே நீர் வெளியேறும் வேகம், பக்கவாட்டில் வெளியேறுவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். பட்டை இருந்துவிட்டால் பக்கவாட்டு வழி ஏறக்குறைய அடைபட்டதுபோலத்தான். ஆகவே துண்டு குட்டையாக இருக்கட்டும். முப்பது முதல் நாற்பது சென்டிமீட்டர் வரை நல்ல அளவு. உங்கள் அடுப்பின் உட்புற நீளத்தைவிட நான்கு விரற்கடையாவது குறைவாக அறுத்துக்கொண்டால், எரியும்போது காற்றுக்கு வழி இருக்கும். எரியும் கட்டையைத் திருப்பவும் இடமிருக்கும்.

அறுத்த கையோடு பிளந்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பச்சையாக இருக்கும்போது ஈரம் நாரை மென்மையாக வைத்திருக்கிறது; வற்ற வற்ற நார் இறுகிக் கோடாரியை ஏற்க மறுக்கிறது. "இப்போது களைப்பாக இருக்கிறது, காய்ந்தபின் பார்த்துக்கொள்வோம்" என்று முழு உருளைகளாகவே அடுக்கி வைப்பவர், ஓராண்டு கழித்து வெளியே இரும்பாகவும் உள்ளே ஈரமாகவும் உள்ள கட்டைகளை எதிர்கொள்வார். விதிவிலக்குகளும் உண்டு. நார் பின்னிக் கிடக்கும் சில மரங்கள் பச்சையில் ரப்பர்போல் ஆப்பைக் கவ்விக்கொள்ளும். அறுத்த முகம் சற்று வெடிப்பு விடும்வரை சில வாரங்கள் பொறுத்தால் வழிவிடும். உங்கள் மரம் எந்த வகை என்பதை ஓர் உருளையில் சோதித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கருவிகள்

மரம் வெட்டும் கோடாரி வேறு, விறகு பிளக்கும் கோடாரி வேறு. வெட்டும் கோடாரியின் அலகு மெல்லியது. நாரைக் குறுக்கே அறுப்பதற்கு அது ஏற்றது. நெடுக்கில் அடித்தால் கட்டைக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். பிளக்கும் கோடாரியின் அலகு ஆப்புப்போல் சட்டென்று தடிக்கும். அது நாரை அறுப்பதில்லை, இருபுறமும் தள்ளி விலக்குகிறது. கெட்டி மரத்துக்கு இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை எடையுள்ள தலை போதும். அதற்கு மேல் கனமானதை வாங்க வேண்டாம். அடியின் ஆற்றல் எடையோடு நேர்விகிதத்தில்தான் கூடும். வேகத்தோடு இருமடியாகக் கூடும். வேகமாக வீச முடியாத கனமான கோடாரியைவிட, நாள் முழுவதும் ஒரே சீராக வீசக்கூடிய கோடாரி அதிக விறகு பிளக்கும்.

அலகைச் சவரக்கத்திபோல் தீட்ட வேண்டியதில்லை. ஆனால் மழுங்கி உருண்டுவிட்ட அலகு கெட்டி முகத்தில் கடிக்காமல் வழுக்கித் துள்ளும். அப்படித் துள்ளும் கோடாரி எங்கே போய் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. வேலையைத் தொடங்குமுன் அரத்தால் நாலைந்து இழுப்பு இழுத்துவிடுங்கள். தலை காம்பில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடும் தலையை நீரில் ஊறவைத்து இறுக்குபவர்கள் உண்டு. ஊறிய காம்பு காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளர்ந்துவிடும். அந்த வழியை நம்ப வேண்டாம், காம்பின் தலையில் புதிய ஆப்பு அடித்து இறுக்குங்கள்.

இவற்றோடு இரண்டு இரும்பு ஆப்புகளும் நான்கு கிலோ அளவில் ஒரு சம்மட்டியும் தேவை. ஆப்பு ஒன்றே ஒன்று இருந்தால் அது கட்டைக்குள் சிக்கும் நாளில் வேலை நின்றுவிடும். இரண்டாவது ஆப்பு முதலாவதை மீட்பதற்காக. சாதாரணக் கோடாரியின் பின்புறத்தைச் சம்மட்டியாகப் பயன்படுத்துவதையும், சிக்கிய கோடாரியின் தலையில் சம்மட்டியால் அடிப்பதையும் தவிர்க்கவும். கடினமாக்கப்பட்ட எஃகு எஃகின்மேல் மோதும்போது சில்லு தெறிக்கும். காம்பு நுழையும் துளையும் நெளிந்துவிடும். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடைபோல் விரிந்திருந்தால் அந்த விளிம்பைச் சாணைபிடித்து நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு சட்டையைத் துளைத்துத் தசைக்குள் இறங்கக்கூடியது. கண்ணாடி அணியாமல் ஆப்பு அடிக்கவே வேண்டாம். காலுக்கு முன்பகுதி கெட்டியான காலணி வேண்டும்.

நிற்கும் இடமும் அடிக்கும் முறையும்

உருளையைத் தரையில் வைத்துப் பிளந்தால், பிளந்ததும் கோடாரி மண்ணிலும் கல்லிலும் பட்டு அலகு சிதையும். தவறினால் முழங்காலுக்குக் கீழே வரும். அகலமான, உறுதியான ஒரு தாங்கு கட்டையை முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நட்டுக்கொள்ளுங்கள். பிளக்கவேண்டிய உருளையை அதன் மையத்துக்கு அப்பால், எதிர்ப்புற விளிம்பை ஒட்டி வையுங்கள். அடி தப்பினாலும் கோடாரி தாங்கு கட்டையில்தான் பதியும், உங்கள் காலை எட்டாது. சுற்றிலும் கோடாரி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் வெறுமையாக இருக்கட்டும்; தலைக்குமேல் கிளையோ கொடிக்கயிறோ இருக்கக் கூடாது. உருளையை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் அடிப்பது எக்காலத்திலும் வேண்டாம். நிற்க மறுக்கும் உருளைக்குப் பழைய டயர் ஒன்று போதும். அதைத் தாங்கு கட்டைமேல் பொருத்தி உள்ளே உருளையை நிறுத்தினால், பிளந்த துண்டுகள் நாலாபக்கமும் தெறிக்காமல் அங்கேயே நிற்கும். குனிந்து குனிந்து எடுத்து நிறுத்தும் சிரமமும் மிச்சம்.

இப்போது உருளையின் முகத்தைப் படியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. அறுத்த முகத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் மெல்லிய வெடிப்புகள் ஓடும். மரம் தானாகவே காட்டும் வழி அது. அவற்றில் மிக நீளமான வெடிப்பைத் தேர்ந்து, உங்களை நோக்கி நேராக வரும்படி உருளையைத் திருப்பி வையுங்கள். பக்கங்களில் கணு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணு என்பது கிளை கிளம்பிய இடம்; அங்கே நார் ஓட்டம் வளைந்து சுழன்றிருக்கும். அடிக்கும் கோடு கணுவின் ஊடே போகாமல் அதன் பக்கமாகச் செல்லட்டும். கணு உருளையின் ஒரு முனையை ஒட்டி இருந்தால், அந்த முனையைக் கீழே வைத்து எதிர்முனையிலிருந்து பிளக்கவும்.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். கையை முழுவதும் நீட்டி, அலகு உருளையின் எதிர்விளிம்பை அல்ல, உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பைத் தொடும்படி தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு கை காம்பின் அடியிலும் மற்றொரு கை தலையருகிலும் இருக்க, கோடாரியை நேராகத் தலைக்குமேல் உயர்த்துங்கள். இறங்கும்போது மேல்கை காம்பில் வழுக்கிக் கீழ்க்கையோடு சேரட்டும். அலகு படும் நொடியில் முழங்காலைச் சற்று மடக்கினால் கோடாரி செங்குத்தாக இறங்கும். இல்லையெனில் அது வில்போல் வளைந்து காலை நோக்கி வரும். கண் கோடாரியைப் பின்தொடர வேண்டாம், வெடிப்பின் மேலேயே நிலைத்திருக்கட்டும்.

கெட்டி மரம் முதல் அடியில் பிளக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் அடிக்கு உலோகம் மோதியதுபோல் "ணங்" என்று ஒலித்து, முகத்தில் நகக்கீறல் அளவுக்குத்தான் தடம் விழும். இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் அதே தடத்தில், அதே கோட்டில் விழ வேண்டும். அப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். நாலாவது அல்லது ஐந்தாவது அடியில் அந்த "ணங்" தாழ்ந்து "டொப்" என்று மாறும். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே நார் விட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அந்த ஒலி மாற்றமே அடையாளம். அடுத்த அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு பக்கவாட்டில் இறங்குவதைக் காண்பீர்கள். அதற்கு அடுத்த அடியில் உருளை இரண்டாகச் சாயும். இடம் மாற்றி மாற்றி முழுப் பலத்துடன் அடிக்கும் பத்து அடிகளைவிட, ஒரே கோட்டில் விழும் ஐந்து நிதான அடிகள் மேலானவை.

அடங்காத கட்டைகள்

குறுக்களவு ஒரு முழத்தை எட்டும் பெரிய உருளைகளை நடுவில் பிளக்க முயல்வது வீண். அவற்றை விளிம்பிலிருந்து உரிக்க வேண்டும். விளிம்பிலிருந்து நான்கைந்து விரற்கடை உள்ளே தள்ளி, ஆண்டு வளையங்களை ஒட்டினாற்போல் அடித்தால் பட்டையோடு ஒரு பலகை கழன்று விழும். உருளையைச் சுற்றி நகர்ந்துகொண்டே இப்படி உரித்து வந்தால் நடுவே சதுரமாக ஒரு வைரக்கட்டை எஞ்சும். சுற்றியிருந்த பிடிப்பு போய்விட்டதால் அது இப்போது எளிதில் பிளக்கும்.

புளிபோல் நார் பின்னிய மரங்களுக்கு ஆப்புதான் வழி. முதலில் கோடாரியால் ஒரு கோடு போட்டு, அதில் ஆப்பைச் சிறு தட்டல்களால் நிலைநிறுத்துங்கள். தானாக நிற்கும் நிலைக்கு வந்தபின் கையை எடுத்துவிட்டு முழு அடி கொடுங்கள். வெடிப்பு பக்கவாட்டில் ஓடியதும் இரண்டாவது ஆப்பை அந்தப் பக்க வெடிப்பில் செலுத்தினால் முதலாவது தளர்ந்து கைக்கு வரும். வெடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவவோ, பாதி பிளந்த கட்டையைக் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஆப்பைப் பிடுங்கவோ கூடாது. விரிந்து நிற்கும் கட்டை இழுத்துப் பிடித்த வில் போன்றது. ஆப்பு விடுபட்ட கணத்தில் அது மூடிக்கொள்ளும். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சிறுவயதில் எல்லோரும் கேட்டிருப்போம், விறகு பிளக்கும் இடத்தில் அதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும். இரு பாதிகளையும் பிடித்திருக்கும் நார்களைக் கோடாரியால் அறுத்துவிடுங்கள்.

கிளைகள் பிரியும் கவைக்கட்டையும் முழுக்கக் கணுவாக உள்ள முண்டும் சில வேளைகளில் எதற்கும் மசியாது. அவற்றோடு மல்லுக்கட்டி மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள், அல்லது தாங்கு கட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அவற்றைவிடச் சிறந்தது கிடையாது.

எவ்வளவு பருமனாகப் பிளப்பது? இலேசான மரத்தைப் பிளக்கும் பருமனில் கெட்டி மரத்தையும் விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. பெரும்பகுதி விறகு ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் பருமனில் இருக்கட்டும். நெடுநேரம் தணல் காக்க நான்கில் ஒரு பங்கைச் சற்றுத் தடிமனாக வையுங்கள். பெருவிரல் பருமனில் சிறாய்களும் தாராளமாக வேண்டும். தேவை என்று நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு பிளந்து வையுங்கள்.

உலர்த்துதல்

விறகை உலர்த்துவது வெயிலைவிடக் காற்றுதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு நீளக் கட்டைகளையோ செங்கல் வரிசைகளையோ இட்டு, அவற்றின்மேல் ஒற்றை வரிசையாக, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, அறுத்த முகங்கள் இருபுறமும் வெளியே தெரியும்படி அடுக்குங்கள். துண்டுகளுக்கிடையே எலி நுழையும் அளவு சந்து இருக்கட்டும். மேலே மட்டும் தகரம் போட்டு மூடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். முழுவதையும் தார்ப்பாயால் போர்த்தி மூடினால், வெளியேறிய ஈரம் போக்கிடமின்றித் திரும்பவும் விறகிலேயே இறங்கிப் பூசணம் பூக்கும். அடுக்கின் உயரம் இடுப்பளவு போதும். கெட்டி விறகு கனமானது. சரிந்தால் பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கு ஆபத்து. கறையானும் துளைக்கும் வண்டும் வரக்கூடும் என்பதால் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். தேளும் பாம்பும் இந்தச் சந்துகளை விரும்பும். விறகு எடுக்கும்போது கையுறை அணிந்து மேலிருந்து எடுத்துவாருங்கள்; இருட்டில் கைவிட வேண்டாம்.

வெப்பமான, காற்றோட்டமுள்ள இடத்தில் இப்படி அடுக்கிய கெட்டி விறகு ஆறு மாதம் முதல் ஓராண்டில் உலரும். குளிர்ந்த நாடுகளில் ஓக் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நான் கையாளும் முறை எளியது. அடுக்கும் நாளிலேயே நடுத்தரப் பருமனுள்ள மூன்று துண்டுகளைத் தேர்ந்து, எடைபோட்டு, எடையையும் தேதியையும் அறுத்த முகத்தில் அழியாத மையால் எழுதி, அடுக்கின் மேல்பக்கம், நடு, அடிப்பக்கம் என்று வைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை அவற்றை மட்டும் எடைபோட்டால் போதும். முதல் மாதங்களில் எடை மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். வறண்ட பருவத்திலும் தொடர்ந்து இரண்டு மாதம் எடை மாறாமல் நின்றால் அந்த இடத்தின் காற்றால் எடுக்கக்கூடிய ஈரம் எல்லாம் போய்விட்டது என்று பொருள். மூன்று கிலோவுக்கு மேல் இருந்த துண்டு இரண்டு கிலோ அளவில் வந்து நிற்பதை ஒருமுறை கையால் தூக்கிப் பார்த்தவர் பச்சை விறகை அடுப்பில் வைக்கவே மாட்டார்.

ஈரப்பத மீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் முட்களை விறகின் வெளிமுகத்தில் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். துண்டை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தின் நடுவில், நாரின் போக்கிலேயே குத்திப் பாருங்கள். 20 சதவீதமோ அதற்குக் குறைவோ காட்டினால் எரிக்கலாம். மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மந்தமாகச் சத்தமிடும்.

எரித்தல்

உலர்ந்த பின்னும் கெட்டி மரம் எளிதில் பற்றுவதில்லை. அதன் முகத்தில் படும் சூடு அங்கேயே தேங்காமல், அடர்ந்த உட்பகுதிக்குள் இறங்கிப் பரவிவிடுகிறது. முகம் பற்றும் வெப்பத்தை எட்டவே நேரமாகிறது. எனவே தீ மூட்டும் பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள். சுள்ளியும் இலேசான மரச் சிறாயும் தீயைப் பிறப்பிக்கட்டும். பிறகு விரல் பருமன், அதன்பின் மணிக்கட்டுப் பருமன் என்று படிப்படியாக ஏறுங்கள். அடுப்பில் ஓரளவு தணல் சேர்ந்த பிறகுதான் தடித்த வைரக்கட்டையை வைக்க வேண்டும். அவசரத்துக்காகப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிறு கங்கு ஒன்று இருந்தாலும் எழும் ஆவி முகத்துக்கு நேராக வெடிக்கும்.

கட்டை எரிகிறது என்று நாம் சொன்னாலும் உண்மையில் எரிவது பெரும்பாலும் அதிலிருந்து வெளிவரும் வாயுதான். 200 பாகை செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை வெளிவிடத் தொடங்குகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால்வாசி இப்படித்தான் வெளியேறுகிறது. அந்த வாயு முழுவதும் எரிய வேண்டுமானால் 600 பாகை அளவில் சூடும் போதிய காற்றும் ஒரே நேரத்தில் வேண்டும். சூடு போதாவிட்டால் எரியாத வாயுவே புகையாகிறது. ஆக, புகை என்பது எரிக்காமல் வீணாக்கிய விறகு. புகைப்போக்கியின் வாயைப் பார்த்தே அடுப்பின் நிலையை அறியலாம். தடித்த வெள்ளைப்புகை வந்தால் ஈரமோ சூட்டுக் குறைவோ இருக்கிறது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. பற்றவைத்துக் கால்மணி நேரம் போனபின் கானல்போல் நெளியும் சூடு மட்டும் தெரிந்தால் அடுப்பு நன்றாக எரிகிறது.

ஒற்றைக் கட்டை எரியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தனியாகக் கிடக்கும் கெட்டிக்கட்டை தன் சூட்டை எல்லாப் பக்கமும் இழந்து கருகி அணைந்துபோகும். இரண்டு அல்லது மூன்று கட்டைகளை, பிளந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, இடையே ஒரு விரல் இடம் விட்டு வையுங்கள். அந்தச் சந்துக்குள் ஒன்றின் வெப்பம் மற்றொன்றின்மேல் விழுந்து திரும்பும், தீ அங்கேதான் குடிகொள்ளும். கட்டைகளை ஒட்டி வைத்தால் காற்று போகாது, அகற்றி வைத்தால் சூடு நில்லாது. தீ மங்கும்போது புதிய விறகைத் திணிக்குமுன், இருக்கும் கட்டைகளைச் சற்று நெருக்கிப் பாருங்கள். பலவேளைகளில் அதுவே போதும்.

தொடக்கத்தில் காற்றுக்கதவு, அதாவது அடுப்புக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூடி, முழுவதும் திறந்திருக்கட்டும். கட்டைகள் நன்றாகப் பற்றிய பின் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். தழல் அணைந்து புகையத் தொடங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டாம். மூடிய இரும்பு அடுப்பில் நன்கு உலர்ந்த கெட்டி விறகை வாய்வரை நிரப்புவதும் தவறு. அது முழுவதும் ஒருசேரப் பற்றினால் அடுப்பின் உலோகம் சிவந்து நெளியும். இலேசான விறகைப் போடும் அளவில் பாதியைப் போட்டுப் பாருங்கள்.

கெட்டி மரத்துக்கே உரிய ஒரு தொல்லை, தணல் மலைபோல் குவிவது. அடுப்பு நிறையக் கங்கு இருக்கும், ஆனால் புதிய கட்டை வைக்க இடமிருக்காது, சூடும் குறைந்திருக்கும். அப்போது தணலைக் காற்று வரும் பக்கமாக இழுத்துவிட்டு, காற்றைத் திறந்து, மேலே மெல்லிய இலேசான மரத்துண்டு ஒன்றிரண்டு வையுங்கள். அவற்றின் தழல் தணலை எரித்து இடம் பண்ணிவிடும்.

எரிக்கக் கூடாதவை

சாயம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, பூச்சிமருந்து ஏற்றிய பழைய கம்பங்கள் ஆகியவற்றை விறகாகக் கருதாதீர்கள். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தின் புகை மட்டுமல்ல, சாம்பலும் நஞ்சு. கடல் ஒதுக்கிய கட்டையில் ஊறிய உப்பு அடுப்பின் இரும்பை அரிக்கும். அரளியின் புகை உயிருக்கே ஆபத்து. தில்லை மரத்தின் பாலைப்போல் அதன் புகையும் கண்ணைப் பாதிக்கும். எந்த மரம் என்று தெரியாத கட்டையை வீட்டுக்குள் எரிக்க வேண்டாம்.

புகைப்போக்கி, சாம்பல், தணல்

குறைந்த சூட்டில் புகைந்த வாயு, புகைப்போக்கியின் குளிர்ந்த சுவரில் படிந்து பிசுபிசுப்பான தாராக இறுகும். படிவு தடித்து ஒருநாள் அதுவே தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1,000 பாகையைத் தாண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஈர விறகு எரிக்க நேர்ந்திருந்தால் இன்னும் அடிக்கடி செய்யுங்கள்.

தழல் இல்லாமல் சிவந்து கிடக்கும் தணலைப் பார்த்து ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவது உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. புகையே இல்லாத தணல்தான் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளிவிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் தெரிவதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் வலு போய்விடும். புகைப்போக்கி இல்லாத அறைக்குள் தணல்சட்டியை வைத்துக் கதவை மூடிக்கொண்டு உறங்கவே கூடாது. புகைப்போக்கி உள்ள அடுப்பிலும் தணல் முழுவதும் அடங்கும்வரை குழாயின் வழியை அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி அறையில் மாட்டிவைப்பது நல்லது.

சாம்பலை அள்ளும்போது மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மண் தரையில் வையுங்கள். மரப்பலகைமேல் வைக்க வேண்டாம். கெட்டி மரக் கங்கு சாம்பலுக்குள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். முழுவதையும் அள்ளிவிடாமல் இரண்டு விரற்கடை சாம்பலை அடுப்பிலேயே விட்டுவைத்தால் அடுத்த தீ எளிதில் நிலைபெறும்.

இரவில் கடைசியாக, தடித்த துண்டுகளில் எஞ்சிய தணலை அடுப்பின் பின்புறமாக ஒதுக்கிக் குவித்து, அதன்மேல் சாம்பலை மெல்லப் போர்த்திவிடுங்கள். காலையில் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடப்பதுபோல் சாம்பல் நிறமாக இருக்கும். குச்சியால் கிளறினால் நீறுபூத்த நெருப்பு உள்ளே செம்மையாகத் தெரியும். அந்தக் கங்குகளை முன்னால் இழுத்து, மேலே நாலைந்து சிறாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, காற்றுக்கதவை முழுவதும் திறந்துவிடுங்கள். தீப்பெட்டி தேட வேண்டியிருக்காது.